பன்னிரண்டு முழக் கயிறு

மூன்றாம் நாள் காலையில் பெரியத்தான் தன் முழங்கையில் கயிற்றை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். வருடா வருடம் அவர்தான் அளப்பார். அந்தக் கூட்டத்திலேயே நீளமான கை அவருடையது. கட்டடக் கான்ட்ராக்டர் என்பதால் அளவு என்று வந்தால் வேறு யாரையும் கிட்டே விடமாட்டார்.

"எனக்கு ரெண்டு முழம் போதும். பல் டாக்டருக்கு நாலு. மாஸ்டருக்கு ஆறு. ஆறு பத்தாதுன்னு ஊருக்கே தெரியும், இருந்தாலும் ஆறு."

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டீங்களாண்ணே?" என்றார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மாஸ்டர், ஷூ நாடாவை முடிந்தபடி.

பெரியத்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பெஞ்சின் ஓரத்தில் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள் அவள், அவருடைய தம்பி மனைவி. "நம்ம வீட்டுப் பொண்ணுக்குப் பன்னெண்டு. ஆசை தீர இழுத்துக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். கோல்ஃப் வண்டியில் வலது கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவரும் சிரித்தார். சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவளுக்குத் திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை.

கயிற்றாட்டத்தின் விதி சுலபமானது. பந்து மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலோ, மணலில் விழுந்தாலோ, குழிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாலோ, கையில் இருக்கிற கயிற்றை அளந்து அவ்வளவு தூரத்துக்குப் பந்தைக் கையாலேயே நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். அது அடிக் கணக்கில் சேராது. ஆனால் நகர்த்திய நீளத்தை அங்கேயே வெட்டி எறிந்துவிட வேண்டும். மோசமாக ஆடுகிறவருக்கு நீளமான கயிறு. ஒன்பது குழிகள். குறைந்த அடியில் முடிக்கிறவர் ஜெயித்தவர்.

பெரியத்தான், டாக்டர், மாஸ்டர், அவள் கணவர், இந்த நால்வரும் பத்து வருடங்களாக இப்படி மூன்று நாள் பயணம் வருகிறவர்கள். பத்து வருடங்களும் பெட்டி கட்டிக் கொடுத்தவள் அவள். இந்த வருடம் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது கணவர் மருந்துக்கடையின் மேல்தட்டில் இருமல் மருந்து அடுக்கப் போய் ஏணியிலிருந்து விழுந்தார். தோள்பட்டை நழுவிவிட்டது. அறைக்கும் ஆட்டத்துக்கும் நாலு பேருக்குப் பணம் கட்டியாயிற்று. "ஆளுக்கு எங்க போறது?" என்று அவர்கள் போனில் மாறி மாறிக் கவலைப்பட்டபோது, பருப்பைத் தாளித்தபடியே அவள் சொன்னாள்: "நான் வரேன்."

ஏதோ ஒரு நகைச்சுவை போல அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவளுக்கு ஆடத் தெரியும் என்பது வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவே இல்லை. திரைச்சீலை தைக்கிற தொழில் அவளுக்கு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஓட்டலுக்கு நூற்றுப் பத்து ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்தாள். அந்த ஓட்டலுக்குப் பின்னால் கோல்ஃப் பழகும் வலைக்கூண்டு ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை காலைகளில், பட்டறை திறக்கும் முன், ஒரு கூடை நிறையப் பந்து வாங்கி அடித்துவிட்டுப் போவாள். பட்டறையில் ஆட்கள் சாப்பிடப் போன பிறகு, வெட்டுமேசைக்கு அடியில் விரித்திருக்கிற கம்பளத்தில் டம்ளரைப் படுக்க வைத்து அதற்குள் பந்தைத் தள்ளிப் பழகுவாள். கணவரிடமும் சொல்லியிருக்கிறாள். "நல்ல உடற்பயிற்சி" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

முதல் நாள் கூட்டாட்டம். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, இருவரும் அடித்து, எந்தப் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்து இருவருமே தொடர வேண்டும். அவள் பல் டாக்டரோடு சேர்ந்தாள். டாக்டர் நல்ல பிள்ளை. ஒவ்வொரு தடவையும் "சூப்பர் அண்ணி!" என்று சொல்லிவிட்டுத் தன் பந்தை நோக்கி நடந்தார். இரண்டு தடவை அவளுடைய பந்து கிடந்த இடம் மேலானது. கை நீட்டிக் காட்டத்தான் போனாள். அதற்குள் அவர் மட்டையை எடுத்துவிட்டார். அவளும் சும்மா இருந்துவிட்டாள். தோற்றவர்கள் எல்லோருடைய பையையும் மாடிக்குத் தூக்க வேண்டும் என்பது பந்தயம். தூக்கினாள்.

இரண்டாம் நாள் ஓநாய் ஆட்டம். ஒவ்வொரு குழிக்கும் ஒருவர் ஓநாய். மற்றவர்கள் முதல் அடியை அடிப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் குழிக்கு யார் தன் கூட்டாளி என்று ஓநாய் அங்கேயே சொல்ல வேண்டும். யாரும் வேண்டாமென்றால் மூவரையும் எதிர்த்துத் தனியாக ஆடலாம். மூன்று குழிகள் வரை அவளை யாரும் கூப்பிடவில்லை. நாலாவதில் அவள் முறை வந்தது. மூவரும் அடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"யாரை எடுத்துக்கறே தங்கச்சி? கூச்சப்படாம சொல்லு," என்றார் மாஸ்டர்.

"யாரும் வேணாம். தனியா ஆடறேன்."

தோற்றாள். அன்றைய ஆட்டத்தையும் சேர்த்து நன்றாகவே தோற்றாள். தோற்றவர் எல்லோருடைய ஷூவையும் துடைக்க வேண்டும். சாயங்காலம் விடுதியின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து, கணவருடையதையும் சேர்த்து ஈரமண் அப்பிய நான்கு ஜோடியைப் பழைய பல்துலக்கியால் சுரண்டினாள். அப்போதுதான் அந்த விசித்திரம் அவளுக்குப் புரிந்தது. கணவருடைய ஷூவை இருபத்திரண்டு வருடங்களாகத் துடைத்திருக்கிறாள். அப்போதெல்லாம் அதற்குக் காரணம் என்று ஒன்று இருந்ததில்லை. இன்று இருந்தது. ஆடினாள், தோற்றாள், துடைக்கிறாள். அவமானமாக இல்லை. கை சில்லிட்டுப்போய், மனசுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் பெரியத்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "பரவாயில்ல, இந்த வருஷம் எப்படியோ ஒப்பேத்திட்டோம். அடுத்த வருஷம் தம்பிக்குத் தோள் சரியாயிடும்."

தலையாட்டிக்கொண்டே தட்டுகளை அடுக்கினாள். ஒப்பேத்திட்டோம் என்ற சொல் மட்டும் சோற்றில் கல் மாதிரி பல்லில் நின்றது.

கடைசி நாள் ஆட்டத்துக்குப் பணப் பந்தயம் கிடையாது, பையும் ஷூவும் கிடையாது. அன்று ஜெயிக்கிறவர் அடுத்த வருடப் பயணத்தை முடிவு செய்வார். அது அவர்களே முதல் வருடம் ஒரு விடுதியின் ரசீதுக்குப் பின்பக்கம் எழுதி, நால்வரும் கையெழுத்துப் போட்ட விதி. அந்தத் தாள் கணவரின் கோல்ஃப் பையில், பக்கவாட்டு ஜிப்புக்குள் இருக்கும்; இந்த வருடம் அவர் ஆடாவிட்டாலும் பை வண்டியில் கூடவே வந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் பை அடுக்கும்போது மடிப்பு கிழியாமல் எடுத்து, படித்து, திரும்ப வைப்பாள். அவளுக்கு அது மனப்பாடம். 'ஜெயித்தவர் அடுத்த வருடம் ஊர், ஆட்டம், ஆட்கள் மூன்றையும் தீர்மானிப்பார்.' பத்து வருடங்களும் ஊர் மாறியது, கயிற்றாட்டம் தவிர மற்ற ஆட்டங்கள் மாறின. ஆட்கள் மாறவில்லை. அந்த மூன்றாவது சொல் அங்கே எழுதியிருக்கிறது என்பதையே அவர்கள் மறந்திருப்பார்கள்.

அவள் மறக்கவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். ஒப்புக்கு வந்த ஆளாக இல்லாமல், அடுத்த வருடமும் ஆட வேண்டும்.

ஆனால் முதல் நாலு குழிகளுக்கு அவள் கயிற்றைத் தொடவில்லை.

மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றி வைத்திருந்தாள். முதல் குழியில் பந்து ஒரு வேருக்குப் பக்கத்தில் கிடந்தது. மாஸ்டர் "கயிறு, கயிறு" என்று கத்தினார். அவள் அப்படியே அடித்தாள். பந்து நாலே எட்டு தூரம் உருண்டது. மாஸ்டரின் ஆறு முழமும் முதல் இரண்டு மரங்களிலேயே தீர்ந்துபோயிற்று. டாக்டர் தன்னுடையதை மணலில் செலவழித்தார். அவள் மட்டும், பிச்சை போட்டதை எடுத்துக்கொண்டு ஜெயிப்பதா என்று விறைத்துக்கொண்டு ஆடினாள். நாலாவது குழி முடிந்தபோது பெரியத்தான் பத்தொன்பது அடி. அவள் இருபத்தைந்து.

ஐந்தாவது குழியில் அவள் பந்து நாலு அடியில் குழிக்குக் கிட்டே வந்து, இரண்டு முழம் தள்ளி நின்றது. அவள் மட்டையை எடுத்தாள். கணக்கெழுதும் அட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்த கணவர் வண்டியிலிருந்தே சொன்னார்:

"ஏம்மா, அந்தக் கயிறை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணி காயப் போடப் போறியா?"

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவள் குனிந்தபடி நின்றாள். அவளுக்கு நினைவு வந்தது வேறொன்று. திரைச்சீலை தைக்கும்போது அடியில் ஒரு சாண் துணியை உள்ளே மடித்துத்தான் தைப்பாள். துவைத்தால் சுருங்கும், வீடு மாறினால் ஜன்னல் உயரம் மாறும், அப்போது பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லுவாள். இருபது வருடத்தில் ஒருவர்கூட இறக்கித் தரச் சொல்லி வந்ததில்லை. திரை கிழிந்துபோய்ப் புதிது தைக்க வருவார்கள். பழையதை அவள் பிரிப்பாள். வெளியே வெயில் தின்று நிறமே தெரியாமல் போயிருக்கும். உள்மடிப்பில் மட்டும் வாங்கிய அன்றைய நீலம், கசங்காமல் இருக்கும். யார் கண்ணிலும் படாத நீலம். ஒவ்வொரு தடவையும் அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் அடுத்த துணியை எடுப்பாள். ஏனென்று நின்று யோசித்ததில்லை.

அளந்து கொடுத்ததை உபயோகிக்காமல் வைத்திருப்பதை இவ்வளவு நேரமும் ரோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது ரோஷம் இல்லை, பழக்கம். தனக்கு வந்ததை உள்ளே மடித்துத் தைத்துவிடுகிற பழைய பழக்கம்.

கைப்பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள். அது இல்லாமல் அவள் எங்கும் போவதில்லை. கயிற்றை விரித்துப் பந்துக்கும் குழிக்கும் நடுவே போட்டாள்.

"ரெண்டு முழம்," என்றாள். பந்தை எடுத்துக் குழிக்குள் போட்டாள். வெட்டினாள். "நாலு அடில முடிஞ்சுது. எழுதிக்கங்க."

"அட, இப்பத்தான் முழிச்சிருக்கா!" என்றார் பெரியத்தான் தாராளமாக. அவருக்கு அந்தக் குழியில் ஐந்து.

ஆறாவதில் பெரியத்தானின் பந்து தண்ணீருக்குள் போனது. ஏழு அடி. அவள் பந்து மணலின் விளிம்பில் கிடந்தது. ஒரே ஒரு முழம் தள்ளிப் புல்லில் வைத்தாள். குழிக்குப் பக்கத்தில் வந்ததும் மூன்று முழம். ஐந்து அடி. அளக்க அவள் கயிற்றைத் தரையில் போடுவதற்கு முன்பே எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். சொன்னது விரல்கடை பிசகவில்லை. ஏணி போடாமலே ஜன்னலைக் கீழிருந்து பார்த்துத் துணி வெட்டுகிற கண் அது. பன்னிரண்டு முழத்தையும் மரங்களில் ஊதித்தள்ளிவிடுவாள் என்று நினைத்துத்தான் அவர்கள் கொடுத்தார்கள். இவள் கஞ்சத்தனமாகக் குழியோரத்தில் மட்டும் செலவு செய்தாள்.

ஏழாவதில் இரண்டரை முழம். எட்டாவதில் மூன்று. மாஸ்டரின் கிண்டல் நின்றுபோயிருந்தது.

"அண்ணே," என்றார் டாக்டர் அட்டையை எட்டிப் பார்த்து, "எட்டு முடிஞ்சு நீங்க நாப்பத்தொண்ணு. அண்ணியும் நாப்பத்தொண்ணு."

"சரியாக் கூட்டினியா?" என்றார் பெரியத்தான் தம்பியிடம்.

கணவர் இன்னொரு தடவை கூட்டினார். பிறகு அவளைப் பார்த்தார். புது ஆளைப் பார்க்கிற பார்வை. "சரிதான்ணா."

ஒன்பதாவது குழி. பெரியத்தான் நிதானமாக ஆடி ஐந்து அடியில் முடித்தார். அவளுக்கு நாலாவது அடி. பந்து மெதுவாகச் சரிவில் இறங்கி, வளைந்து, குழியை எட்டிப் பார்ப்பது போல வந்து நின்றுவிட்டது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட.

அவள் கையில் மிச்சம் இருந்தது அரை முழம்.

தட்டிப் போட்டால் ஐந்து, சமம். சமமானால் போன வருடம் ஜெயித்தவருக்கே வெற்றி. போன வருடம் ஜெயித்தவர் பெரியத்தான். கயிறு எட்டினால் நாலு.

அவள் கத்தரியை எடுத்ததும் பெரியத்தான் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்மா. கயிறு எதுக்கு? பந்து எங்கயாவது சிக்கிட்டா வெளிய எடுக்கறதுக்கு. இப்படிக் கடைசிக் குழியில கையால எடுத்துப் போட்டு ஜெயிக்கறது நல்லாவா இருக்கு? தட்டி விடு. எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போவோம்."

"போன வருஷம் டாக்டர் கடைசிக் குழியில கையாலதானே போட்டார்?"

"அது அவன் மூணாவது இடத்துக்காகப் போட்டான். யாருக்கு என்ன?"

"ஜெயிக்கறவங்க போட்டாத்தான் தப்பா?"

"விளையாட்டுதானேம்மா."

"ஆமா பெரியத்தான். விளையாட்டுக்குத்தான் விதி இருக்கு." அவள் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. "காலைல பன்னெண்டு முழம் அளந்து தந்தப்ப அது இரக்கம். இப்ப அதுல கடைசி அரை முழத்தை எடுத்தா அநியாயமா?"

டாக்டர் தன் ஷூவைப் பார்த்தார். அது பளபளவென்று இருந்தது.

அவள் வண்டியின் பக்கம் திரும்பினாள். "என்னங்க. உங்க பையில சைடு ஜிப்புல ஒரு ரசீது இருக்கு. பின்னால நாலாவது வரியைப் படிங்க."

கணவர் இடது கையால் ஜிப்போடு மல்லாடினார். உதவிக்குப் போகத் துடித்த காலை அவள் பிடித்து நிறுத்தினாள். ஒருவழியாகத் தாளைப் பிரித்தார். முதலில் மனசுக்குள் படித்தார். பொய் சொல்ல முடியாத மனுஷன், மருந்துச்சீட்டு படித்தே பழகியவர். கொஞ்சம் கனைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்:

"'கயிற்றை எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், குழிக்குள் போடுவதற்கும்கூட.' அண்ணா... இது உன் கையெழுத்துதான்."

"எழுதும்போது நான் பக்கத்துல பீர் வச்சிருந்தேன்," என்றார் பெரியத்தான். மாஸ்டரால் அடக்க முடியவில்லை, ஒரு பக்கம் திரும்பிச் சிரித்தார். பெரியத்தானும் பாதிச் சிரிப்போடு கயிற்றை வாங்கினார். "சரி. ஆனா எட்டாது. அரை முழம்னா ஒரு சாண். இது சாணுக்கு மேல நிக்குது. நானே போட்டுப் பாக்கறேன்."

"பாருங்க. ஆனா அது உங்க முழம்," என்றாள் அவள்.

அவர் மண்டியிட்டார். ஒரு முனையைப் பந்தோடு ஒட்டிப் பிடித்து மறுமுனையைக் குழியை நோக்கி நீட்டினார். ஊர் சாணுக்கு எட்டாத தூரம்தான். ஆனால் காலையில் அளந்தது அவர் கை, அந்தக் கூட்டத்திலேயே நீளமான கை. கயிறு குழியின் விளிம்பைத் தாண்டி, உள்ளே ஒரு விரல்கடை தொங்கியது.

அவள் பந்தை எடுத்துக் குழிக்குள் போட்டாள். அது அடியில் போய் விழுந்த டொக் என்ற சத்தம், டம்ளருக்குள் விழுகிற அதே சத்தம்.

"நாப்பத்தஞ்சு," என்றாள். "எழுதிக்கங்க."

கை குலுக்கினார்கள். மாஸ்டர் அவள் கையை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். டாக்டர் "அண்ணி, முதல் நாள் உங்க பந்தை எடுத்திருக்கணும்," என்றார். தெரிந்தேதான் நடந்திருக்கிறார் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. கோபம் வந்தது, அதையும் வைத்துக்கொண்டாள்.

"சரி, சொல்லும்மா," என்றார் பெரியத்தான், முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டபடி. தோற்றாலும் பெரிய மனுஷன் தோரணை போகவில்லை. "அடுத்த வருஷம் எந்த ஊரு? கடற்கரைப் பக்கமா இருந்தா நல்லா இருக்கும். தம்பிக்கும் தோளு..."

"ஊரு நீங்களே பாத்துக்கங்க. ஆட்டம் எதுவானாலும் சரி. நான் ஆட்களைச் சொல்றேன்."

"ஆட்களா?"

"நாலு பேருல ஒண்ணு நான். மிச்சம் மூணு இடம். நீங்க நாலு பேரு இருக்கீங்க. யாருன்னு உங்களுக்குள்ள ஆடி முடிவு பண்ணிக்கங்க."

மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து வருடத்தில் முதல் தடவையாக, யாரோ ஒருவர் வீட்டில் இருக்கப்போகிறவர் என்ற பார்வை.

கணவர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்ப என் இடம்?"

அவள் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. 'சும்மா விளையாட்டுக்குச் சொன்னேங்க.' இருபத்திரண்டு வருடமாக எதைக் கேட்டாலும், கேட்ட மறுநிமிடமே அதன் மேல் மடித்துத் தைத்துவிடுகிற வாக்கியம். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். சொன்னால் எல்லோர் முகமும் தெளிந்துவிடும், பெரியத்தான் முதுகில் தட்டிக்கொடுப்பார், அவள் திரும்பப் பெட்டி கட்டப் போகலாம்.

அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடம் காலியாகக் கிடந்தது. அதைத் தாங்க முடியாமல் கணவர்தான் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

"செவ்வாய்க்கிழமை காலைல ஆறு மணிக்கு வாங்க," என்றாள் கடைசியில். "தோள் சரியானதும். ஓட்டலுக்குப் பின்னால. ஒரு கூடை நிறையப் பந்து நான் வாங்கித் தரேன்."

மட்டைகளைத் தன் பையில் அடுக்கினாள். தன் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டிக்குக் காத்திராமல் விடுதியைப் பார்த்து நடந்தாள்.